இடியோட மச்சான்

பேட்டரித் தொழிற்சாலையில் அவனை எல்லோரும் ‘இடியோட மச்சான்’ என்றுதான் கூப்பிட்டார்கள். இடி என்பவன் அவனுடைய தங்கையின் கணவன். பகலில் பேட்டரிகளை லாரியில் ஏற்றுவான். மற்ற நேரத்தில், தொழிலாளிகள் சிலர் சேர்ந்து நடத்திய ஹெவி மெட்டல் ராக் இசைக்குழுவின் பாடகன். பாடகன் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. அடிவயிற்றிலிருந்து அவன் உறுமினால் தெருநாய்கூட வாலைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கிவிடும். ஆனால் அந்த உறுமலுக்குத்தான் கூட்டம் தலையைச் சுழற்றிச் சுழற்றி ஆடும்.

நம் ஆள் அதே குழுவில் பேஸ் கிதார். அவன் வாசிக்கும்போது யார் காதிலும் விழாது. நிறுத்தினால் மட்டும் என்னவோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். குழுவின் பாட்டுகள் மொத்தமும் அவன் எழுதியவை என்பது யாருக்கும் தெரியாததைத்தான் அவனால் ஜீரணிக்க முடியவில்லை.

எழுதியவை என்றால் காகிதத்தில் அல்ல. ஈயத் தகடு வெட்டும் பிரஸ்ஸில் அவனுக்கு வேலை. பிரஸ் ஏறி இறங்கும் தாளத்துக்கு வரிகளை வாய்க்குள் முணுமுணுத்தே முடித்துவிடுவான். வீடு திரும்பும்போது பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு இடியின் காதுக்குள் சொல்வான். இடிக்கு ஞாபகசக்தி அதிகம். இரண்டு தடவை கேட்டால் போதும், அடுத்த தடவை அவன் உறுமும்போது பாட்டு அவனுடையதாகிவிடும். பாடுகிறவன்தான் எழுதுகிறவன் என்று டிரம்மர் உட்பட எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். தானே போய்ச் சொல்ல இவனுக்கு ரோஷம். யாராவது கேட்கட்டும், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வருஷக்கணக்கில் காத்திருந்தான். ஒருத்தரும் கேட்கவில்லை.

இதில் தங்கை வேறு எரிகிற வயிற்றில் எண்ணெய் ஊற்றுவாள். “அண்ணா, உங்க மாப்பிள்ளைக்கு எங்கேருந்துதான் இப்படியெல்லாம் தோணுதோ” என்பாள். இவன் டீயைக் கீழே வைத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று கிளம்பிவிடுவான்.

அந்த வருஷம் அவன் செய்த பாட்டு ரத்தப் பரிசோதனை பற்றியது. ஈயத்தோடு புழங்குகிறவர்கள், அது ரத்தத்தில் ஏறினால் விஷம் என்பதால் கம்பெனி டாக்டர் எல்லோரிடமும் ரத்தம் எடுப்பார். ரத்தம் போகும், முடிவு மட்டும் வராது. கேட்டால், “நல்லாத்தான் இருக்கீங்க, போய் வேலையைப் பாருங்க” என்பார்கள். கை நடுக்கத்தோடு போய்க் கேட்டவனுக்கும் அதே பதில்தான்.

கம்பெனியின் ஆண்டு விழாவிலேயே அதைப் பாடுவது என்று ஆனது. அதில் யாருக்கும் பயமில்லை. இடியின் உறுமலில் ஒரு வார்த்தைகூடப் புரியாது. போன வருஷம் மேலாளரைக் கிழிகிழி என்று கிழித்த பாட்டுக்கு அந்த மேலாளரே முன்வரிசையில் உட்கார்ந்து காலால் தாளம் போட்டார்.

அந்தத் தாளம்தான் நம் ஆளின் மனதை அரித்தது. வார்த்தை கண்ணில் பட்டால்தானே யார் எழுதியது என்று கேட்பார்கள்? பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் பெண் மேடைத் திரையைப் பார்த்துக்கொள்பவள். அவளிடம் வரிகளைச் செல்போனில் அனுப்பி, பாட்டு வரும்போது திரையில் போடச் சொன்னான். குழுவில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. உரிமைக் குரல், போராட்டம் என்றெல்லாம் அவன் அப்போது நினைக்கவில்லை. பொறாமை, அவ்வளவுதான்.

விழா அன்று இடி உறுமினான். அவன் தலைக்குப் பின்னால் ஆளுயர எழுத்து ஓடியது.

‘என் ரத்தத்தை எடுத்துக்கொண்டாய்,
அதில் இருப்பதை ஏன் மறைத்தாய்?
பேட்டரிக்கு வாரண்டி கொடுக்கிறாய்,
என் உடம்புக்கு எத்தனை நாள் வாரண்டி?’

தலையைச் சுழற்றிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். படித்தார்கள். பின்வரிசையில் யாரோ வாரண்டி வரியைச் சத்தமாகச் சொல்ல, மண்டபமே சொன்னது. மேலாளரின் கால் நின்றது. மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் குழுவை அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, “யார் எழுதினது?” என்று கேட்டார்.

இவ்வளவு வருஷம் காத்திருந்த கேள்வி. அது இப்படி ஓர் அறையில், இப்படி ஒரு வாயிலிருந்து வரும் என்று அவன் நினைக்கவில்லை.  அவன் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“நான்தான் சார்.”

இடி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மச்சானுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று நினைத்தானோ என்னவோ. நியாயமாகப் பார்த்தால் இவனுக்குக் கண் கலங்கியிருக்க வேண்டும். ஆனால் பற்றிக்கொண்டு வந்தது. கைதட்டலைத்தான் எடுத்துக்கொண்டான், கழுத்துக்கு வரும் கத்தியையும் அவனே எடுத்துக்கொள்வானா?

“பொய் சார். நான் எழுதினேன். எல்லாப் பாட்டும் நான்தான் எழுதுறேன்.”

மேலாளர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் கோபம்கூட இல்லை.

“தங்கச்சி புருஷனைக் காப்பாத்தப் பாக்குற. நல்ல மனசுதான். ஆனா பொய் சொல்றதுக்கும் ஒரு முகம் வேணும்பா. போய் வேலையைப் பாரு.”

“திரையில போடச் சொல்லி அனுப்பினதும் நான்தான் சார்.”

“அனுப்பியிருப்ப. அவன் சொல்லியிருப்பான், நீ செஞ்சிருப்ப.”

இடிக்கு வேலை போனது. வெளியே வந்ததும் இடி அவன் தோளை அழுத்தினான். “உனக்கு என்ன பைத்தியமா மச்சான்? ரெண்டு பேரும் போயிட்டா ரெண்டு வீட்டுலயும் அடுப்பு எரிய வேண்டாமா? வாயை மூடிக்கிட்டு இரு.”

அடுத்த நாளே தொழிலாளிகள் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். ரத்த முடிவைக் கொடு, இடிக்கு வேலையைக் கொடு என்று கேட்டார்கள். ஹெவி மெட்டல் என்றாலே காதைப் பொத்திக்கொள்ளும் வயதானவர்கள்கூட அந்தப் பாட்டைத் தங்களுக்குத் தெரிந்த மாதிரி உறுமினார்கள். இவனைப் பார்த்தால் எழுந்து இடம் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்காகத் தன் பிழைப்பையே பணயம் வைத்துப் பொய் சொன்னவன் அல்லவா. வெல்டர் ஒருவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “வாரண்டின்னு ஒரு வார்த்தை போட்டான் பாரு, அதுக்கு எவ்வளவு மனசு நொந்திருக்கணும் உன் மாப்பிள்ளைக்கு” என்று விளக்கம் வேறு சொன்னார். தங்கை வந்து, “உங்களை மாதிரி ஒரு அண்ணன் யாருக்குண்ணா கிடைப்பான்” என்று அழுதாள். அவன் அவள் தலையைத் தடவிக்கொடுத்தான். வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

போராட்டம் நீண்டது. ஒரு மாலை, கூட்டத்தை விலக்கிக்கொண்டு இடி வந்தான். தொண்டை கட்டியிருந்தது. அவனைச் சுவர் ஓரமாக இழுத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினான்.

“மச்சான், ஒரே பாட்டையே எத்தனை நாள் பாடுறது? ஆளுங்க சோர்ந்துட்டாங்க. புதுசா ஒண்ணு குடு. எனக்கு ஒரு வரிகூட வராதுன்னு உனக்குத் தெரியாதா?”

தர மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அவனைப் பாட்டு எழுதுகிறவன் என்று தெரிந்து வைத்திருந்த ஆள் உலகத்திலேயே ஒருவன்தான். அவன் இந்த இடி. வேறு யாரிடம் போய்ச் சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு இடியின் காதருகே குனிந்தான், முதல் வரியைச் சொன்னான்.

“இன்னொரு தடவை சொல்லு” என்றான் இடி.