சாளைத் தடத்தில் எழுந்த சுவர்

பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் ஊறிய தண்ணீரின் புளித்த வாசம் ஒரு பக்கமிருந்தும், ஆவி அடித்து மடிக்கப்படும் புதுப் பனியனின் சூட்டு வாசம் இன்னொரு பக்கமிருந்தும் வந்து, சரியாக அந்த மாட்டுத்தொட்டிக்குப் பக்கத்தில் ஒன்றோடொன்று கலக்கும். பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு தினமும் காலையில் அந்த இடத்தைத் தாண்டித்தான் நான் பஸ்ஸுக்குப் போவேன். நான் மட்டுமல்ல, எங்கள் லைன் வீடுகளில் குடியிருந்த அத்தனை பேரும் அப்படித்தான் போனார்கள்.

திருப்பூரிலிருந்து பல்லடம் போகிற சாலையை விட்டு நன்றாக உள்ளே தள்ளி இருந்தன எங்கள் வீடுகள். ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் வரிசையாக அறைகள், பின்னால் பொதுவாக ஒரு துவைகல். எங்களுக்கும் சாலைக்கும் நடுவே, சுற்றிலும் பனியன் கம்பெனிகள் முளைத்த பிறகும் விற்கப்படாமல் மிச்சமிருந்த ஒரு சோளக்காடும், அதையொட்டி ஒரு விவசாயக் குடும்பத்தின் வீடும் மாட்டுக் கொட்டகையும் இருந்தன. தோட்டத்துக்குள் இருக்கிற வீட்டைச் ‘சாளை’ என்பது எங்கள் ஊர் வழக்கம். நடந்து நடந்து விழுந்த பாதையைத் ‘தடம்’ என்போம். சோளக்காட்டு வரப்பில் ஏறி, சாளையின் வாசலைக் குறுக்காகக் கடந்து, அவர்களுடைய மரப்படலைத் தள்ளிக்கொண்டு சாலையில் இறங்குகிற வழிக்குச் ‘சாளைத் தடம்’ என்று பெயர். அதை விட்டால் சாயப்பட்டறையைச் சுற்றி, ஓடையில் இறங்கி ஏறிப் போகிற மண் ரோடுதான். மழைக்காலத்தில் அதில் சைக்கிள்கூடப் போகாது.

அடுத்தவர் வீட்டு வாசல் வழியாக இத்தனை பேர் காலையும் மாலையும் போய் வருகிறோமே என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. தோன்றாதபடிக்கு ருக்குமணியம்மா நடந்துகொண்டார். சாளைக்காரரின் மனைவி அவர். எங்கள் லைன் வீட்டு வளவில் அவருக்குச் ‘சாளையம்மா’ என்று பெயர். அப்போது அவருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். பால் கறந்துகொண்டோ வாசல் கூட்டிக்கொண்டோ இருக்கிறவர், போகிற ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்பார். “ஏனுங்க, இன்னிக்கு நேரமாயிருச்சாட்ட இருக்குது?” “காச்சல் விட்டுருச்சுங்களா?” “ஊர்ல இருந்து உங்கப்பா வந்துட்டுப் போயிட்டாருங்களா?” கேட்டவர் பதிலுக்கு நிற்கச் சொல்லமாட்டார், ஷிப்டுக்கு ஓடுகிறவர்கள் என்று அவருக்குத் தெரியும். நாங்கள் நடந்துகொண்டே சொல்லும் அரை வாக்கியத்தை வாங்கி வைத்துக்கொண்டு, மறுநாள் அதன் மீதியைக் கேட்பார். மதுரையிலிருந்தும் தேனியிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள், தையல்காரர்கள், செக்கிங் வேலைக்குப் போகிற பெண்கள், கட்டிங் மாஸ்டரான என் அப்பா, வீட்டிலேயே பனியனுக்குப் பிசிறு வெட்டிக்கொடுத்த என் அம்மா என்று எல்லாருடைய சங்கதியும் அப்படித் துண்டு துண்டாகவே அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் ஆறாவது படித்த வருடம் சோளக்காட்டை விற்றார்கள். சாளைக்காரர் ஆசைப்பட்டு விற்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறி, மாடு தொட்டியில் வாய் வைக்க மறுத்துத் திரும்பிக்கொண்டபோதே அவர் பாதி மனசாக இருந்தார். பங்காளிகள் பாகம் கேட்டபோது மீதி மனசும் போய்விட்டது. வீட்டையும் கொட்டகையையும் நிறுத்திக்கொண்டு காட்டை மட்டும் கொடுத்தார். வாங்கியவர் வேற்றாள் இல்லை என்பதுதான் எங்களுக்கெல்லாம் ஆறுதலாக இருந்தது. தங்கராசு என்ற அவர், எங்கள் லைன் வீட்டின் கடைசி அறையில் குடியிருந்து, டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு அதே தடத்தில் தையல் வேலைக்கு ஓடியவர். சொந்தமாக நாலு மெஷின் போட்டு, பிறகு தனியாக ஷெட் போட்டு, எக்ஸ்போர்ட் வரைக்கும் வந்திருந்தார். “தங்கராசண்ணன்தானே, தடத்த விட்டுருவாரு” என்று என் அம்மா செல்வியக்காவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

செல்வியக்கா எங்கள் பக்கத்து அறை. தேனிப் பக்கத்துக்காரர். அவருடைய கணவர் சாயப்பட்டறையில் வேலை பார்த்தார். தலைப்பிள்ளை வயிற்றில் இருந்தது. பேறுகாலத்துக்கு ஊருக்குப் போக நாள் பார்த்திருந்தார்கள். எனக்குத் தலை பின்னிவிடுவது அவர்தான். பின்னி முடித்ததும் பின்னலை ஒரு தரம் இழுத்துப் பார்த்து, “போடி ராசாத்தி, இனி சாயங்காலம் வரைக்கும் அவுராது” என்பார்.

ஐப்பசி மாதத்தில், மழை விட்டிருந்த ஒரு நாள் காலையில் துவைகல்லுக்குப் பின்னால் ஆட்கள் வந்து சுவர் வைக்கத் தொடங்கினார்கள். நான் பள்ளிக்கூடம் விட்டு, தடம் அடைபட்டதைக் கேள்விப்பட்டு ஓடைப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு, முழங்கால் வரை சேறாக வீடு திரும்பியபோது, தடம் தொடங்குகிற இடத்தில் என் தலைக்கு மேல் ஈரச் சுவர் நின்றது. கொத்தனார்கள் வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆண்கள் யாரும் கம்பெனியிலிருந்து திரும்பியிருக்கவில்லை. பெண்கள் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் உள்ளேயிருந்து செல்வியக்காவின் குரல் கேட்டது. “யக்கா, இங்க வாங்கக்கா. என்னமோ பண்ணுது. தண்ணியாப் போகுதுக்கா.”

பேறுகாலத்துக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனால் வலி வந்துவிட்டது. ஆட்டோ கூப்பிட ஓடைப்பக்கம் ஓடிய கடைசி வீட்டுப் பெண் மூச்சிரைக்கத் திரும்பி வந்து, “சேத்துல வண்டி எறங்காதுன்னுட்டான்” என்றாள். செல்வியக்கா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்து, உதடு கடித்த இடத்தில் ரத்தம் தெரிந்தது. என் அம்மா அவரைப் பார்த்தாள், ஓடைப்பக்கம் பார்த்தாள், பிறகு துவைகல்லின் மேல் ஏறி நின்று, சுவருக்கு மேலே தலையை நீட்டி, “சாளையம்மா! ஏனுங்க சாளையம்மா!” என்று தொண்டை கிழியக் கத்தினாள். அம்மா அப்படிக் கத்தி அதற்கு முன்பும் நான் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

காட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ருக்குமணியம்மா ஓடிவந்தார். அம்மா சொன்னதைக் கேட்டார். மறுபேச்சுப் பேசாமல் திரும்பி ஓடினார். போய்விட்டாரே என்று நாங்கள் திகைத்து நிற்கும்போதே, கையில் கடப்பாரையோடு திரும்பி வந்தார். “கொழந்தைகளத் தள்ளிக் கூட்டிட்டுப் போங்க. எல்லாரும் நவுந்துக்குங்க” என்று சுவருக்கு அந்தப்புறமிருந்து அவர் குரல் கேட்டது. அந்த நேரத்திலும் ‘ங்க’ போட்டுத்தான் பேசினார். பிறகு கடப்பாரை விழுகிற சத்தம். மேல்வரிசைக் கற்கள் இரண்டு சரிந்து எங்கள் பக்கம் விழுந்தன. சிமெண்டு பிடித்திருக்கவில்லை, அம்மாவும் மற்றப் பெண்களும் இந்தப் பக்கமிருந்து கற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தார்கள். கை நகமெல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டது. ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வழி திறந்ததும், செல்வியக்காவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு சோளத்தட்டுகளுக்கு நடுவே ஓடினார்கள். அவருடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன்.

சாளைக்காரர் வாசலில் நின்றிருந்தார். மனைவியின் கையில் இருந்த கடப்பாரையையும் தூரத்தில் இடிந்து கிடந்த சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாற்காலியில் இருந்த செல்வியக்காவைப் பார்த்ததும் சாலைக்கு ஓடி, போய்க்கொண்டிருந்த ஒரு கம்பெனி வேனுக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். அந்த வேனில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் பெண்குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருக்கிறார்கள் என்ற சேதி வந்த பிறகுதான் வளவில் அடுப்பு எரிந்தது.

சாளைக்காரர் மனைவியிடம் கோபித்துக்கொண்டது மறுநாள்தான். “வித்த நெலத்துல நமக்கென்ன வேலை? நாளைக்கு எம் மொகத்த எங்க கொண்டுபோயி வெக்கறது?” என்று கேட்டாராம். “நெலத்தத்தானுங்க வித்தீங்க. நடக்கற சனம் எங்கீங்க போகும்?” என்று ருக்குமணியம்மா திருப்பிக் கேட்டதாக அம்மா சொன்னாள்.

தங்கராசும் அன்றே வந்தார். கார் சாலையில் நிற்க, இடிந்த வழியாக நடந்தே வந்து, லைன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். சண்டைக்கு வருவார் என்று பயந்திருந்தோம். அவருடைய குரல் எங்கள் குரலைவிடத் தாழ்ந்திருந்தது.

“தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. நானும் இதே தடத்துல நடந்தவன்தானுங்க. சரக்கு வாங்கற வெளிநாட்டுப் பையர் வந்து பாக்கறப்போ காம்பவுண்டு இல்லீன்னா ஆர்டர் குடுக்கமாட்டீங்கறாங்க. நான் என்னுங்க பண்றது?”

ருக்குமணியம்மாவும் வந்திருந்தார். அதுவரை அவரைக் ‘கண்ணு’ என்றே கூப்பிட்டுப் பழகியவர், “நீங்க சொல்றது சரிதானுங்க. ஒரு கதவு வெச்சுக் குடுத்துருங்க, போதும்” என்றார். ‘நீங்க’ என்ற சொல்லைக் கேட்டதும் தங்கராசு தலையைக் குனிந்துகொண்டார். அம்மா கொடுத்த டீயை நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

சொன்னபடி கதவு வைத்தார். சுவர் மறுபடியும் எழுந்தபோது நடுவில் சின்னதாக ஒரு இரும்புக் கதவு இருந்தது. நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தோம். கொஞ்ச காலம் அது திறந்தே கிடந்தது. கம்பெனி கட்டி முடித்ததும் வாட்ச்மேன் வந்தார். ஒரு நாள் துணிக்கட்டு ஒன்று காணாமல் போயிற்று. அதற்குப் பிறகு காலையிலும் மாலையிலும் மட்டும் கதவைத் திறந்தார்கள். அப்புறம் காலையில் மட்டும். அப்புறம் கேட்டால் மட்டும். எங்களுக்கும் கேட்கக் கூச்சமாகிவிட்டது. இதற்கிடையில் ஓடையின் மேல் பாலம் வந்தது, மண் ரோடு தார் ரோடானது, மினி பஸ்ஸும் விட்டார்கள். நல்ல காரியம்தான், அதில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபடி போனதில் யார் வீட்டு வாசலையும் கடக்க வேண்டியிருக்கவில்லை. செல்வியக்காவின் கணவர் வேலை பார்த்த சாயப்பட்டறையை மூடியபோது, மகளோடு அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். நாங்களும் அடுத்த வருடம் வேறு பக்கம் வீடு பார்த்துக்கொண்டோம். பின்னர் அந்த இரும்புக் கதவை எடுத்துவிட்டுக் கல் வைத்து அடைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அப்போது கத்தவோ கடப்பாரை எடுக்கவோ அங்கே ஒருவரும் இல்லை. அந்தத் தடம் சுவரால் அடைபட்டதாகவே வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில், சுவர் அதை முழுதாக அடைப்பதற்கு முன்பே நடக்கிறவர்கள் போய்விட்டோம்.

இப்போது நான் கோயமுத்தூரில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். சமீபத்தில் பல்லடம் ரோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, முகூர்த்தத்துக்கு நேரம் இருந்ததால் பழைய இடத்தைத் தேடிப் போனேன். லைன் வீடுகள் இருந்த இடத்தில் பல மாடி ஹாஸ்டல் நிற்கிறது. சன்னல் கம்பிகளில் சுடிதார்கள் காய்கின்றன. கம்பெனி பஸ் கேட்டுக்கு உள்ளேயே வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள். ஹிந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தபடி படியேறினார்கள். ஒவ்வொருத்தியும் அன்றைய செல்வியக்காவின் வயதுதான். அவர்கள் இந்தத் தெருவில் கால் வைத்து நடக்கவே தேவையில்லாதபடி எல்லாம் செய்து கொடுக்கப்பட்டிருக்கிறது. சாளையும் கொட்டகையும் இருந்த இடத்தில் வரிசையாகக் கடைகள். எது வரப்பு, எது வாசல் என்று என்னால் அனுமானிக்க முடியவில்லை.

மண்டபத்துக்குத் திரும்பினால், பெண் வீட்டார் பக்கத்து நாற்காலியில் ருக்குமணியம்மா உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. சாளைக்காரர் காலமாகிவிட்டாராம். மீதி இடத்தையும் கொடுத்துவிட்டு மகனோடு இருக்கிறார். நான் யார் என்று சொன்னதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“கட்டிங் மாஸ்டர் புள்ளையா? அம்மா சௌக்கியமுங்களா கண்ணு?”

அம்மா நன்றாக இருப்பதைச் சொன்னேன். கோடாலிக் கொண்டை போட்டிருந்த செக்கிங்காரப் பெண் எங்கே என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. காலையில் ரேடியோவைத் தோளில் வைத்துக்கொண்டு போவானே, அந்த மதுரைப் பையன் எங்கே என்றார். தெரியவில்லை. ஆட்டோவுக்கு ஓடின கடைசி வீட்டுப் பெண்ணைக் கேட்டார். அதுவும் தெரியவில்லை.

“செல்வியும் அந்தப் புள்ளையும் எங்கீங்க இருக்கறாங்க? அதுக்கு இப்பக் கல்யாண வயசு ஆயிருக்குமே.”

“ஊருக்குப் போனப்புறம் ஒரு தகவலும் இல்லீங்கம்மா.”

அவர் மணமேடையில் இருந்த பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்.

“அந்தப் புள்ள பொழைப்புக்கு இங்கீயே திரும்பி வந்துருந்தாலும் வந்துருக்கும். எதுக்க நடந்து போனாக்கூட நமக்குத் தெரியாதுங்களே கண்ணு” என்றார்.

பந்திக்கு வரச்சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். அவர் இன்னும் யாரையாவது கேட்பார் என்று நான் கையை விடாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்கவில்லை.