இரண்டு ஜாடிகளும் ஒரே நேரத்தில் திறந்தன

மருத்துவமனையிலிருந்து அவர் வீடு திரும்பிய மறுநாள், அவரைப் பார்த்துக்கொள்ள நர்ஸான என்னைக் கூப்பிட்டார்கள். விலங்கியல் காட்சியகத்தில் செத்த உயிரினங்களை ஸ்பிரிட்டில் ஊறவைத்த ஜாடிகளை முப்பத்தோரு வருடம் பராமரித்தவர். பல்லிக்காரர் என்றால்தான் தெருவில் தெரியும். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்திருந்தது, பேச்சு குழறியது. விழுங்குவதில் குறையில்லை, நானே தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன். ஆனாலும் கரண்டியைக் கண்டால் வாயை இறுக மூடிக்கொண்டார். அன்றும் சாப்பிடாவிட்டால் மறுபடி மூக்கில் குழாய்தான்.

"கல்யாணமான நாள்லேருந்து இதே கூத்துதாம்மா," என்றார் மனைவி.

வெறும் பிடிவாதமாகத் தெரியவில்லை. வலது கையில் பென்சிலைக் கொடுத்தேன். கிறுக்கித் தள்ளினார். கூட்டிப் படித்தபோது விஷயம் புரிந்தது.

பாறை இடுக்கில் வாழும் பல்லிகள். ஒரே பேரினம், இரண்டு இனங்கள், பார்வைக்கு அச்சு அசல். ஓர் இனத்து ஆணுக்குத் தொடையடியில் வரிசையாகச் சிறு துளைகள் உண்டு, மற்றதற்கு இல்லை. ஸ்பிரிட் மாற்றும்போது ஒரு ஜாடியை மூடிய பிறகே அடுத்ததைத் திறப்பார்கள். பக்கவாதம் வந்த அன்று கை மரத்துப்போகவே, சீக்கிரம் முடிக்கலாமென்று இரண்டையும் திறந்துவிட்டார். பல்லிகளின் காலில் கட்டிய பெயர்ச் சீட்டுகளின் நூல் இற்றிருந்தது. அறுத்துப் புதிதாகக் கட்டினார். எதை எதற்குக் கட்டினார் என்பது நினைவில்லை. துளையுள்ள இனத்துக்குப் பெயர் வைத்ததே அந்த ஜாடியிலிருந்த ஒற்றைப் பல்லியை வைத்துத்தான். சீட்டு மாறியிருந்தால் இனி வருகிறவர்களெல்லாம் தப்பாகப் படிப்பார்கள்.

"செத்த பல்லிக்கா இந்தப் பட்டினி!" மனைவி தலையிலடித்துக்கொண்டார்.

காட்சியக அதிகாரிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்தேன். அந்தப் பெண் பூதக்கண்ணாடியோடு போய்ப் பார்த்தாள்.

"அண்ணே, துளை இருக்கு. ஒரு தொடையில ஆறு, இன்னொண்ணுல ஏழு. சீட்டு சரிதான்."

அவர் இரண்டு விரலைக் காட்டினார்.

"அடுத்ததையும் பாக்கணுமாம்," என்றேன்.

"இது சரின்னா அதுவும் சரிதானே?"

"முறைக்கிறாரும்மா. பாத்துடு," என்றேன் போனில்.

"மூ... டு," என்றார் அவர்.

"மூடிட்டேன் அண்ணே, மூடிட்டுத்தான் அதைத் திறக்கறேன்!" சிரித்தாள். அடுத்த ஜாடியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. "தொடை வழவழன்னு இருக்கு. துளையே இல்ல. நிம்மதியா?"

அவருக்குத் தோள் இறங்கியது. கஞ்சி ஆறியிருந்தது, அப்படியே ஒரு கிண்ணம் குடித்தார். மனைவி அடுப்படிக்குப் போய் மூக்கைச் சிந்தினார். சாப்பிட்டவரை உடனே படுக்கவிடக் கூடாது. தலையணையை நிமிர்த்தி அரை மணி நேரம் உட்கார வைத்தேன்.