மூணு பத்துக்கு வந்த பத்து ரூபாய்

பேய், ஆவி எதுலயும் எனக்கு நம்பிக்கை கிடையாதுங்க. ஃபிசிக்ஸ் படிக்கிறவன் நான். யாராவது இந்த மாதிரி கதை சொன்னா முதல் ஆளா கிண்டல் பண்றவனும் நான்தான், அதனால நீங்க சிரிச்சாலும் கோவிச்சுக்க மாட்டேன், சொல்லி முடிக்கிற வரைக்கும் கேளுங்க.

எங்க போர்ட் பிளேர் காலேஜ் வாசல்ல மேரி அக்கா டீக்கடை இருக்கு. அக்காவுக்குத் தூத்துக்குடிப் பக்கம். எங்க பசங்க எவன் பாக்கெட்லயும் காசு இருக்காது, எல்லாம் போன்தான். "கண்ணால பாக்காத காசு எனக்கு வேண்டாம்ல"ன்னு அக்கா ஒரே பிடிவாதம். நானும் என் ஃபிரண்டு ஜெரோமும்தான் கெஞ்சிக் கூத்தாடி ஸ்கேனரும், காசு வந்தா ஹிந்தியில சத்தம் போடுற பெட்டியும் வாங்கி வச்சோம். அதுக்கப்புறம் அக்கா நிமிர்ந்தே பாக்கிறதில்ல. பெட்டி "தஸ் ருபயே", அதாவது பத்து ரூபான்னா ஒரு டீ, "பீஸ் ருபயே"ன்னா ரெண்டு, ஊத்தி மேடையில வச்சிருவாங்க.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை ஜெரோம் வண்டூர்ல அவங்க அப்பா போட்டை எடுத்துட்டுத் தனியா மீன் பிடிக்கப் போனான், திரும்பி வரல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் தேடப் போன போட்டெல்லாம் வெறுங்கையோட கரைக்கு வந்துருச்சு, பங்கு சாமியார்கிட்ட செத்தவங்களுக்கு வைக்கிற பூசைக்கே சொல்லியாச்சுன்னு போன் வந்துச்சு. எனக்கு வீட்ல இருப்புக் கொள்ளல, அக்கா கடையில போய் உக்காந்தேன். லீவு நாள், நாங்க ரெண்டு பேர்தான்.

திடீர்னு பெட்டி "தஸ் ருபயே"ன்னுச்சு. அக்கா பழக்கத்துல ஒரு டீயை ஊத்தி வச்சுட்டு, "நீயால போட்ட?"ன்னு கேட்டாங்க. நான் போனையே தொடல. அக்கா போனை வாங்கிப் பாத்தேன். ஜெரோம், பத்து ரூபா, மணி மூணு பத்துன்னு இருந்துச்சு. நம்பினா நம்புங்க, போனைக் கீழ போட்டுட்டேன்.

ஜெரோம் அப்பாவுக்குப் போன் அடிச்சு அழுதுட்டே சொன்னேன். "போனு இருந்தா புள்ளையும் இருப்பாம்ல"ன்னு மனுஷன் மறுபடியும் ஒரு போட்டைக் கிளப்பிட்டாரு. இருட்டுறதுக்குள்ள கண்டுபிடிச்சுட்டாங்க. இஞ்சின் நின்னுபோன போட்டுக்குள்ள சுருண்டு கிடந்தான், உசுரு இருந்துச்சு.

ஆனா அவன் போன் முதல் நாளே கடல்ல விழுந்துருச்சாம். பேங்க்ல போய்க் கேட்டா அவன் கணக்குல பத்து ரூபா குறையவே இல்ல. சரி, ஏதோ கம்ப்யூட்டர் கோளாறுன்னு நானும் விட்டுருப்பேன்.

ஆஸ்பத்திரியில அவன் சொன்னதைத்தான் விட முடியல. "நாக்கெல்லாம் ஒட்டிப்போயி, இனி அவ்ளோதான்னு கண்ணை மூடிட்டேன்டா. அப்ப சூடா டீ தொண்டையில இறங்குச்சு, சத்தியமா. கருப்பட்டி டீ."

அக்காகிட்ட சொன்னேன், அப்பதான் அவங்க சொன்னாங்க. மெயின்லேண்ட் கப்பல் வராம அன்னைக்கு மத்தியானத்தோட கடையில சக்கரை தீந்துருச்சாம், அந்த ஒரு டீக்கு மட்டும்தான் ஊர்லேர்ந்து வந்த கருப்பட்டியைத் தட்டிப் போட்டாங்களாம். பக்கத்துல உக்காந்திருந்த எனக்கே அது தெரியாது.