தள்ளுவண்டியோடு போன டபிள்யூ காசு

அமெரிக்காவின் டேட்டன் நகரில் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கும் பணிமனையில் வெர்ஜில் ப்ரூயிட்டும் நானும் ஒன்றாக வேலை செய்தோம். சில்லறை வாங்கினால் அவன் எண்ணமாட்டான். ஒவ்வொரு காசையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் அந்தப் பொடி எழுத்துதான் அவனுக்கு வேண்டும். பி, டி எல்லாம் அன்றாடம் வரும். வெஸ்ட் பாயின்ட் நாணயச்சாலையின் அரிய டபிள்யூ மட்டும் சிக்கவே இல்லை.

இதற்கிடையில் அவனுக்கு இரு கண்ணிலும் புரை விழுந்தது. திருகாணியைத் தடவித்தான் கண்டுபிடித்தான். அறுவை சிகிச்சை என்றதும் நடுங்கிப்போனான். பார்வை திரும்பாவிட்டால் வேலை போய்விடுமே!

கட்டுப் பிரித்த வாரம் தொலைபேசியில் கத்தினான். "ரஸ், காப்பிக் கடைல குடுத்த கால் டாலர்டா! டபிள்யூ! கண்ணாடி போடாமலே பாத்தேன்!"

அந்தக் காசைத்தான் சனிக்கிழமை அவன் மனைவி லோர்னா சமையல் மேடையிலிருந்து எடுத்துப் போய், மளிகைக் கடைத் தள்ளுவண்டியில் செருகிவிட்டாள். காசைச் செருகினால்தான் வரிசையிலிருந்து வண்டியின் சங்கிலி கழலும்; திருப்பி விட்டால் காசு வெளியே வரும். திரும்பும்போது யாரோ ஒரு பெண் வேறு கால் டாலரை அவள் கையில் கொடுத்து, வண்டியை அப்படியே வாங்கிக்கொண்டாள்.

வெர்ஜில் இன்னும் கார் ஓட்டக்கூடாது. விஷயம் தெரிந்ததும் நான்தான் இருவரையும் கடைக்கு அழைத்துப் போனேன்.

"காசுன்னா காசுதானே, நான் என்னத்த கண்டேன்? பெட்டில பூட்டி வெக்கறதுக்கென்ன?" என்று வழியெல்லாம் பொரிந்தாள் லோர்னா.

அந்தப் பெண் வெளியே வரட்டும் என்று தூறலில் வாசலிலேயே நின்றோம். "அதோ, மஞ்சக் கோட்டு!" என்றாள் லோர்னா. வெர்ஜில் ஓடிப்போய் வண்டியைப் பிடித்தான்.

"சார், கைய எடுங்க! ஆள கூப்பிடுவேன்!" என்றாள் அந்தப் பெண்.

லோர்னா மூச்சிரைக்க வந்தாள். "கோவிச்சுக்காதம்மா. கண் ஆபரேஷன் ஆன பெறகு இவரே பாத்துக் கண்டுபிடிச்ச காசு. இந்த வண்டிக்குள்ள இருக்கு. இந்தா, பதிலுக்கு வேற."

அந்தப் பெண் சந்தேகத்தோடே வண்டியை வரிசையில் விட்டுச் சங்கிலியைச் செருகினாள். காசு வெளியே வந்தது. "இதுல எங்க இருக்கு டபிள்யூ? எனக்கு ஒண்ணும் தெரியலயே!"

"தோ, அந்தத் தலையோட சடைக்குப் பின்னால," என்றான் வெர்ஜில், நின்ற இடத்திலிருந்தே.

அவள் குனிந்து உற்றுப் பார்த்தாள். சிரித்துவிட்டாள். "அட ஆமா! என் கண்ணவிட ஒங்க கண்ணு தேவல."

காசோடு காரில் ஏறியதும் வெர்ஜில் அழுதான். லோர்னா பதறிப்போனாள். "அதான் கெடச்சிடுச்சேப்பா!"

"காசுக்கில்ல லோர்னா. நெஜமாவே கண்ணு தெரியுது."

அவள் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். நான் வண்டியைக் கிளப்பினேன்.