வால் அறுந்த சொல்

வேணுவுக்கு மூளை ஜாஸ்தி, பொறுமை கம்மி. டீ ஆறும்வரை காத்திருக்கத் தெரியாமல் நாக்கைச் சுட்டுக்கொள்கிற ஜென்மம். செங்கம் ரோட்டில் அவனுடைய பிரௌசிங் சென்டருக்குப் பக்கத்தில்தான் என் ஜெராக்ஸ் கடை.

ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் டவுன்லோட் ஸ்லோ என்று தினமும் புலம்பினார்கள். லைனில் நெரிசல் வந்தால் ஒவ்வொரு டவுன்லோடும் தானே வேகத்தைக் குறைத்து மற்றதற்கு வழிவிடும், அதுதான் முறை. வேணு எல்லா மெஷினிலும், ஒரே ஃபைலைப் பல துண்டாக்கி ஒரே நேரத்தில் இழுக்கும்படி மாற்றிவிட்டான்.

"இனிமே ஒண்ணு ஒதுங்குனாலும் மத்ததெல்லாம் முட்டிக்கினு போவும்ணே!" என்றான். தலைகால் புரியவில்லை அவனுக்கு.

அன்றிலிருந்து, அதே லைனில் வெளிநாட்டுக்குப் பேசும் நெட் ஃபோனில் பேச்சு அறுந்து அறுந்து வந்தது. ஹெட்ஃபோன் மட்டம் என்று புதிதாக வாங்கி மாட்டினான். அப்போதும் அறுந்தது.

"நீ மாத்துனதுக்கு அப்புறம்தானப்பா இப்படி?"

"உங்க ஜெராக்ஸ பாருங்கண்ணே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் கடை, அவன் பாடு என்று விட்டுவிட்டேன்.

பௌர்ணமியன்று சாயங்காலம் சில்லறை மாற்ற நான் போனபோது சென்டரில் நிற்க இடமில்லை. அடி அண்ணாமலை ஊர்க்காரன் சடையன் மூச்சிரைக்க ஓடி வந்தான். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஒரு ஊசியின் பெயரைச் சொல்லி, முன்பு அது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று டாக்டர் கேட்டுவரச் சொல்லியிருந்தார். மஸ்கட்டில் இருக்கும் அண்ணன் ராமனுக்குத்தான் அது தெரியும்.

"அண்ணா, அந்த ஊசிய போடலாமா?" என்று சடையன் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நெட் ஃபோனில் கத்தினான். காதைப் பொத்திக்கொண்டு கேட்டான். "என்ன? போட்டுடாங்கறியா? சரிண்ணா, போடச் சொல்லிடறேன்!"

ஹெட்ஃபோனை மேஜையில் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டான்.

அதை எடுத்து மாட்டப்போன வேணு, காதில் வைத்துப் பார்த்தான். யாருடைய டவுன்லோடோ முடிந்து லைன் காலியாகியிருக்க வேண்டும். ராமனின் அலறல் எனக்கே கேட்டது.

"டேய், போட்டுடாதடா! அம்மாவுக்கு மூச்சு நின்னுடும்டா!"

வேணுவின் முகத்தில் ஈயாடவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டோம். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. வேணுவின் வண்டியில் நானும் ஏறிக்கொண்டேன். ரோடு முழுக்கக் கிரிவலக் கூட்டம். ஹாரன் அடித்தான், கெஞ்சினான். ஒருத்தர் ஒதுங்கினால் அந்த இடத்தில் நாலு பேர் புகுந்தார்கள்.

நாங்கள் போனபோது கிழவியின் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டிருந்தார்கள். சடையன் ஓடிவந்து வேணுவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க பக்கத்துலதான இருந்தீங்க? சொல்லுங்கண்ணா, எங்கண்ணன் போடத்தான சொன்னான்?"