சாகாத பேட்டரி

பேட்டரி அக்கா "ஒண்ணு, ரெண்டு" என்று மைக்கில் சொன்ன பிறகுதான் அந்தப் பல்கலைக்கழகத்தில் மூன்று என்ற எண்ணே பிறக்கிறது. அதற்கு முன் அங்கே அறிவும் கிடையாது, ஆராய்ச்சியும் கிடையாது, துணைவேந்தருக்குத் தொண்டையும் கிடையாது. அக்கா புரொஜெக்டரைப் போட்டுப் பார்த்து, சரி என்று தலையாட்டிய பிறகுதான் சூரியனே கிழக்கில் எட்டிப் பார்ப்பதாகக் கேள்வி.

"மைக்க ஊதாதீங்க சார். அது என்ன அடுப்பா?" இப்படிக் கேட்கும் துணிச்சல் அந்த வளாகத்தில் அவர் ஒருவருக்குத்தான் உண்டு. கேட்டுவிட்டு அவரே மைக்கை வாங்கித் துடைத்து, மூக்கு ஒழுகும் பிள்ளையைத் திருப்பிக் கொடுப்பதுபோலக் கொடுப்பார்.

இடுப்பில் ஒரு பை. அதற்குள் பேட்டரிகள். முதல் மணி அடிக்குமுன் வகுப்பு வகுப்பாக ஏறி, நேற்றுப் போட்ட பேட்டரியை எடுத்து மேசைமேல் செங்குத்தாகப் போடுவார். பொத்தென்று நின்றால் உயிர் இருக்கிறது. துள்ளி விழுந்தால் கதை முடிந்தது. "செத்ததுதான் ரொம்பத் துள்ளும்" என்பார். அரைகுறை உயிருள்ளவை நடைபாதைக் கடிகாரங்களுக்குப் போகும். இத்தனை வருடத்தில் அவர் பார்த்துக்கொள்ளும் எந்த வகுப்பிலும் மைக் நடுவழியில் செத்ததில்லை. கையில் ஒரு வளையல்கூட இல்லாத அந்த மனுஷிக்கு இருந்த ஒரே நகை அந்தப் பெயர்தான்.

நகப்பூச்சு வாங்குவார்; நகத்துக்கு அல்ல. எந்த ஒயர் எந்த ஓட்டைக்கு என்று சிவப்பு, ஊதா என்று பொட்டு வைப்பதற்கு. அப்படியும் பேராசிரியர்கள் மாற்றிச் செருகிவிட்டு, "அக்கா, திரை செத்துப்போச்சு!" என்று போனில் அலறுவார்கள். மூச்சிரைக்க ஓடுவார். லென்ஸின் மூடியைத்தான் கழற்றாமல் விட்டிருப்பார்கள். அக்கா அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, பிள்ளைகளுக்குக் கேட்கிற மாதிரி, "ஒயரு கொஞ்சம் லூஸா இருந்துச்சு சார்" என்பார். ஒருவர் மீதும் குற்றம் சொன்னதில்லை. அந்தக் கட்டடத்தில் தப்பு செய்வது ஒயர்கள் மட்டுமே.

வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கிற வேலை அது. இந்த வருடம் வெளி நிறுவனம் ஒன்று, எல்லா வகுப்பறைகளையும் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு புகார் போதும், வெறும் வாயை மெல்கிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி.

அந்த நேரத்தில்தான் பெரிய சாரின் வகுப்பு வந்தது. பெரிய சார் புள்ளியியல் பேராசிரியர். அவர் வகுப்புக்கு அரங்கம் கொள்ளாது. மிச்சப் பிள்ளைகள் பக்கத்துக் கட்டடத்தில் உட்கார்ந்து திரையில் பார்ப்பார்கள்; வகுப்பு வீடியோவாகப் பதிவாகவும் செய்யும். அக்கா அரங்கின் பின்னால், கண்ணாடி அறையில், காதில் ஹெட்போனும், சத்தத்தை ஏற்றி இறக்கும் கட்டையில் விரலுமாக இருப்பார்.

அன்று பாதிப் பாடத்தில் சார், "இந்தக் கணக்கப் போட்டு வைங்க, வரேன்" என்று வெளியே போனார். சட்டைக் காலரில் மைக் இருப்பதை மறந்து, நடைபாதையில் நின்று வீட்டுக்குப் போன் போட்டார்.

"என்னம்மா..." என்றது அரங்கம் முழுக்க ஒலிபெருக்கி.

பிள்ளைகள் விசிலடித்தார்கள். "மாட்டிக்கிட்டார்டா வீட்டம்மாகிட்ட!"

அதற்குள் அக்காவின் விரல் கட்டையைக் கீழே இறக்கிவிட்டது. மிச்சம் அவர் காதுக்கு மட்டும் வந்தது.

"எனக்கு வர மாட்டேங்குதும்மா. என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்னே தெரியல. உள்ள அத்தனை பேரும் உக்காந்திருக்காங்க. போன வாரம் மாதிரியே..."

அக்கா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார்.

சார் திரும்பி வந்தார். பலகையைப் பார்த்தார். பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார். வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை. முன்வரிசை இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பு நிற்கப்போகிற நேரம். நின்றால் எல்லாரும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள்.

அக்கா படியிறங்கி, அத்தனை பேர் நடுவிலும் நேராக அவரிடம் போனார்.

"மன்னிச்சுக்கங்க சார். மைக்ல பேட்டரி போயிடுச்சு. என் தப்பு."

"அக்கா, உங்க பேட்டரியேவா?" என்றான் ஒருவன்.

"ஏண்டா, அதுக்கு மட்டும் வயசாகாதா? நீ கணக்கப் போடு."

கண்ணைக் கட்டிவிட்டாலும் பேட்டரி மாற்றக்கூடியவர், அன்று மூடியைக் கீழே தவறவிட்டார். குனிந்து தேடினார். கிடைத்ததைத் திருப்பி மாட்டினார். மறுபடி கழற்றினார். எல்லார் கண்ணும் அவருடைய அசட்டுத்தனத்தின் மேல். கடைசியில் மைக்கைக் காலரில் குத்தும்போது, உதடு அசையாமல் சொன்னார்: "ஆத்தோட சராசரி ஆழம் இடுப்பளவுன்னு நம்பி ஒருத்தன் இறங்கினான்னு சொன்னீங்க சார். அங்கதான் விட்டீங்க."

பெரிய சார் அவரைப் பார்த்தார். "ஆறு," என்றார் மெதுவாக. பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, "அப்ப, ஆத்துல இறங்கினானே, அவன் என்ன ஆனான்?" என்று கேட்டார். அரங்கம் சிரித்தது. அக்கா கண்ணாடி அறைக்குத் திரும்பிக் கட்டையை மேலே ஏற்றினார். பாடம் ஓடியது.

பிற்பகலில் துறைத்தலைவர் அம்மா கூப்பிட்டார்.

"பதிவுல பாதியில சத்தமே இல்ல. பக்கத்துக் கட்டடத்துல இருந்து புகார் வேற. உங்ககிட்டயா இப்படி?"

"காலைல பேட்டரி மாத்த மறந்துட்டேன் மேடம்."

வழக்கம்போல ஒயர்மேல் பழி போட்டிருக்கலாம். போட்டால் யாராவது ஒயரைத் திறந்து பார்ப்பார்கள். மறதி என்றால் திறந்து பார்க்க எதுவும் இல்லை. அன்று அந்த வளாகத்தில் மறதி அக்காவின் பெயரில் பதிவானது. வேலையையும் அரை வருடத்துக்குத்தான் புதுப்பித்தார்கள். பருவம் முடிகையில் பெரிய சாரே அதே மைக்கில், தனக்கு மறதி நோய் தொடங்கிவிட்டது என்று பிள்ளைகளிடம் சொன்னார். அதனால்தான் இங்கே இதைச் சொல்ல முடிகிறது.

ஆனால் புகார் வந்த அன்று யாருக்கும் எதுவும் தெரியாது. சாயங்காலம் வீட்டில், துணி மடித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் பக்கத்தில் அக்கா உட்கார்ந்தார்.

"என்னங்க, இன்னிக்கு ஒரு பொய் சொல்லிட்டேன்."

"நீயா? ஊரு தாங்குமா?"

தாழ்ந்த குரலில் எல்லாம் சொன்னார். வீட்டுக்காரர் மடிப்பதை நிறுத்திவிட்டார்.

"வேலை போச்சுன்னா?"

"போனா பாத்துக்கலாங்க. அவரு நின்ன நிலைய நீங்க பாக்கல." அக்கா ஒரு துணியை எடுத்து மடித்தார். "நல்லா இருந்த பேட்டரிங்க. அதப்போய் செத்துப்போச்சுன்னு சொல்லிட்டேன்."

எதிரே பாயில், அக்காவைச் சித்தி என்று கூப்பிடும் அவருடைய அக்கா மகன், அதாவது இதை எழுதுகிறவன், இரண்டு காதிலும் இயர்போனை அடைத்துக்கொண்டு கிடந்தான். கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டு, பாட்டில் மூழ்கியவன் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தான். நடிப்பு பிரமாதம்.

நெஞ்சின்மேல் கிடந்த ஒயரை ஒரு கை தூக்கியது. விரல் விரலாக அதைப் பிடித்துக்கொண்டே போனது. சட்டைப் பொத்தானைத் தாண்டி, பாயைத் தாண்டி, முழங்காலுக்கு அடியில் முடிந்தது ஒயர். முனை எதிலும் செருகப்படவில்லை.

"பாட்டு நல்லா இருக்காடா?"

தலை இன்னும் ஒரு தடவை ஆடி நின்றது.

சித்தி திட்டவில்லை. முனையை உள்ளங்கையில் துடைத்தார். ஓரமாகக் கிடந்த போனை எடுத்துச் செருகினார். ஏதோ ஒரு பாட்டைப் போட்டு, சத்தத்தை மேலே, மேலே ஏற்றினார்.