மஞ்சள் பெல்ட் தேர்வில் எதிர்ப்பக்கம் போன கை

இந்த மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கராத்தே மஞ்சள் பெல்ட் தேர்வு எழுத, இல்லை, தேர்வு ஆட, ஸ்ரீரங்கம் போய் வந்தேன். எனக்கு வயது அறுபத்திரண்டு. என்னைப் போலத் தாமதமாக வகுப்பில் சேர்ந்துவிட்டு, வெளியூர்த் தேர்வை நினைத்துத் தூக்கம் கெட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

உப்பிலியபுரத்தில் காலை ஐந்தரை மணிக்குப் பஸ் ஏறினேன். துறையூரில் மாறி, நம்பர் ஒன் டோல்கேட்டில் இறங்கி, ஸ்ரீரங்கத்துக்கு டவுன் பஸ். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. சுமார் அறுபது கிலோமீட்டர். இரண்டரை மணி நேரம் ஆனது.

வழியெல்லாம் ஸ்பாரிங் நினைப்புதான். இருவர் எதிரெதிரே நின்று மோதுவதற்கு ஸ்பாரிங் என்று பெயர். தேர்வுக்கு முந்தின மாதப் பயிற்சியில் குத்து வரும்போது கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தில் வாங்கினேன். மூக்குக்கண்ணாடி வளைந்துவிட்டது. அதைப் பார்த்த மகன், "ஸ்பாரிங்ல தேறலைன்னா இதோட நிறுத்திடணும்மா" என்றான். சரி என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் நிறுத்த எனக்கு மனமில்லை.

ராஜகோபுரத்திலிருந்து அம்மா மண்டபம் சாலையில் தேர்வு நடக்கும் மண்டபத்துக்கு ஆட்டோ. ஓட்டுநர் அறுபது ரூபாய் கேட்டார்.

"கோயிலுக்கு வரலீங்களா?"

"கராத்தே டெஸ்ட்டுப்பா."

"பேரனுக்கா?"

"எனக்கு."

கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார். "அப்ப நாப்பதே குடுங்கம்மா. எதுக்கு வம்பு."

சிரித்தேன். இறங்கி உள்ளே போனேன்.

முதலில் கட்டா. வரிசையாகச் செய்ய வேண்டிய அசைவுகள். வகுப்பில் மாஸ்டர் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று செய்வார். அவரைப் பார்த்துச் செய்துவிடுவேன். இங்கே தேர்வாளர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து "வலது" என்றார். என் இடது கை உயர்ந்தது. "இடது" என்றார். வலது போனது.

காரணம் என்னைப் போல ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்குப் புரியும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எதிரே நின்று "வலது கையைத் தூக்குங்க" என்று சொல்லும்போது நாம் இடது கையைத்தான் தூக்குவோம். அப்போதுதான் பார்த்துச் செய்கிற குழந்தைக்குச் சரியாக வரும். வேலைக்காலம் முழுக்க அப்படியே செய்த உடம்பு, எதிரே ஆளைக் கண்டதும் அதையே செய்தது.

அடுத்தது ஸ்பாரிங். எனக்கு ஜோடி மெஹர், தில்லை நகரில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். காத்திருந்தபோதே பேசிப் பழகியிருந்தோம். கையுறையை மாட்டிக்கொண்டே என் காதருகே வந்தார்.

"என்ன டீச்சர், சாரை ஒன்னாப்புப் புள்ளைன்னு நெனச்சுட்டீங்களா?"

"பழக்கம் போகலைம்மா."

"என்னையும் அப்படியே நெனச்சுக்குங்க. ஆனா நான் அடிக்கிற புள்ள."

முதல் குத்து என் தோளில் விழுந்தது. வலித்தது. இது அவருடைய வலது கை, எனக்கு எந்தப் பக்கம் என்று நான் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் வந்துவிட்டது. இப்படியே போனால் வாக்கைக் காப்பாற்றி வீட்டில் உட்கார வேண்டியதுதான். அப்போதுதான் மெஹர் சொன்னது உறைத்தது. கணக்கை விட்டேன். எதிரே கை தூக்கும் குழந்தையாக அவரைப் பார்த்தேன். அவருடைய வலது கை கிளம்பியதும் என் இடது கை தானாக எழுந்து தடுத்தது. மறுபக்கமும் அப்படியே. கண் மூடவில்லை.

"அட, டிரில் பீரியடா இது?" என்றார் மெஹர், மூச்சு வாங்கியபடி.

ஸ்பாரிங்கில் தேறினேன். கட்டாவுக்குத் தை மாதம் மறுதேர்வு. பெல்ட் அதன் பிறகுதான். மகனுக்குப் போன் செய்து, "நிறுத்த வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன்.

போகிறவர்கள் கவனிக்க: மார்கழியில் தெற்கு வாசல் பக்கம் கூட்டம் அதிகம், ஒரு மணி நேரம் முன்னதாகவே சேர்ந்துவிடுங்கள். மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் கட்டும் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் பொங்கல் வேண்டாம், இரண்டு இட்லி போதும். முக்கியமாக, வீட்டிலேயே யாரையாவது எதிரே உட்காரவைத்துக் கட்டா பழகுங்கள்.

நான் தினமும் ஒரு நாற்காலியை எதிரே போட்டுப் பழகுகிறேன். அதில் யாரும் இல்லை. ஆனாலும் நானே "வலது" என்று சொல்லிக்கொண்டதும் இடது கைதான் முதலில் அசைகிறது.